சூடு எங்கே போகிறது?

வெப்பம் அழிவதில்லை; அது இடம் பெயர்கின்றது. வெப்பவியக்கவியலின் தொடக்கப் பாடமாகிய இவ்வுண்மையைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி பெறுதல் எளிது. பங்குனி மாதத்து நண்பகலில், தகரக் கூரையின் கீழமைந்த மாடியறையொன்றில் அமர்ந்து அதனை உணர்ந்துகொள்ளுதல் வேறு. மாத்தளை நகரிலே ஒரு தந்தையும் தாயும் மகனும் 2022ஆம் ஆண்டில் இவ்வுண்மையை எவ்வாறு தத்தம் வழியில் அறிந்துகொண்டனர் என்பது, பொறியியல் பயிலாதோரும் எண்ணிப் பார்க்கத்தக்கதொரு செய்தியாகும்.

தந்தையார் நகரின் பக்கத் தெருவொன்றிலே ரேடியேற்றர் திருத்தும் சிறு பட்டறை நடத்தி வந்தவர். மாத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த நகர். அங்கிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ9 வீதி பலகடுவைக் கணவாயில் ஏறி, அலவத்துகொடை, அக்குறணை வழியாகச் செல்கின்றது. றத்தோட்டை வழியே மலைத்தோட்டங்களுக்குச் செல்லும் வீதி இன்னும் உயரத்துக்கு ஏறுவது. சுமையோடு ஏற்றத்தில் முக்கிச் செல்லும் பழைய லொறிகளின் இயந்திரம் கொதித்து, பொனற்றின் இடுக்குகளால் ஆவி கிளம்புதல் ஒரு காலத்தில் இவ்வீதிகளின் அன்றாடக் காட்சியாக இருந்தது. கொதித்த வண்டிகளுட் பல, ஈற்றில் வந்து சேர்ந்த இடங்களுள் அப்பட்டறையும் ஒன்று.

மோட்டார் வண்டியின் இயந்திரத்தைச் சூழ நீர் ஓடுகின்றது. அந்நீர் இயந்திரத்தின் வெப்பத்தை ஏற்று, வண்டியின் முகப்பிலுள்ள ரேடியேற்றரின் நுண்குழாய்களுட் புகுந்து, அங்கே காற்றிடம் அதனைக் கையளித்துவிட்டு மீள்கின்றது. 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்கென வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேற்றர் இத்துறையிலே ஒரு திருப்புமுனை. அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் செப்பும் பித்தளையுமே ரேடியேற்றரின் உலோகங்களாக விளங்கின. ஓட்டை விழுந்தால் ஊதுவிளக்கால் சூடேற்றிப் பற்றாசு வைத்து அடைக்கலாம். அடைபட்டால் மேற்றொட்டியைக் கழற்றிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் குத்தித் துப்புரவாக்கலாம். பின்னர் அலுமினியக் குழாய்களும் பிளாஸ்ரிக் தொட்டிகளும் கொண்ட ரேடியேற்றர்கள் வந்தன. அவற்றிலே பற்றாசு பிடிப்பதில்லை. பழுதுபட்டால் எறிந்துவிட்டுப் புதியது பூட்டுவதே வழக்கம். தந்தையாரின் தொழில் நலிந்தமைக்கு அவருடைய கைத்திறன் குறைந்தமை காரணமன்று. அக்கைத்திறன் பற்றிக்கொள்ளும் உலோகம் வீதியிலிருந்து மறைந்ததே காரணமாகும்.

மகன் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயின்றுகொண்டிருந்தான். தந்தையின் தொழிலைப் பிறரிடம் கூறிக்கொள்வதில் அவனுக்குச் சிறு கூச்சம் இருந்தது. ‘மோட்டார் துறையிலே இருக்கிறார்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வான். அதனைத் தந்தையும் அறிந்திருந்தார். இருவரும் அதுபற்றி ஒருபோதும் பேசியதில்லை.

இறுதியாண்டு ஆய்வுக்கு அவன் எடுத்துக்கொண்ட பொருள் சிகிரியாவின் நீரூற்றுகளாகும். மாத்தளை மாவட்டத்தின் வடபால், தம்புள்ளைக்கு அண்மையிலே எழுந்து நிற்கும் அக்குன்றின் மேற்கு அடிவாரத்திலே, 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன் காலத்து நீர்ப்பூங்காக்கள் உள்ளன. சமச்சீராகத் துளையிடப்பெற்ற சுண்ணக்கல் தகடுகளினூடாக அங்கே நீர் மேலெழுகின்றது. அதற்கு வேண்டிய நீர் நிலத்தடிக் கால்வழிகளால் வந்து சேர்கின்றது. பம்பி இல்லை, பொறி எதுவும் இல்லை. நீர் தேங்கி நிற்கும் மட்டத்துக்கும் ஊற்றுவாய்க்கும் இடையிலான உயர வேறுபாடு தரும் அமுக்கமே அதனை உந்துகின்றது. பதினைந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னும் மழைக்காலத்தில் அவ்வூற்றுகள் உயிர்பெறுவதுண்டு. அவற்றுக்கு அப்பால், நீர் சூழ்ந்த தீவுகள் போன்ற பாறைத் தளங்களின்மீது கோடைமாளிகைகள் எனப்படும் கட்டடங்களின் அடித்தளங்கள் காணப்படுகின்றன. வரண்ட வலயத்தின் காற்று அந்நீர்ப்பரப்பைத் தழுவி வரும்போது நீரின் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை உடன்கொண்டு செல்கின்றது. ஆதலால் அத்தகைய தீவிலே வீசும் காற்று அயலிடத்துக் காற்றினும் தண்மையுடையதாகும். நீரைக்கொண்டு வெப்பத்தை அகற்றும் கலையை மாத்தளை மாவட்டம் அறிந்து நெடுங்காலமாயிற்று எனலாம்.

நிலத்தடிக் கால்வழிகளிலே நீர் எவ்வளவு விரைவில் ஓடியிருக்கும், உராய்வினால் எவ்வளவு அமுக்கம் இழக்கப்பட்டிருக்கும், ஊற்று எவ்வளவு உயரத்துக்கு எழுந்திருக்கும் ஆகிய வினாக்களுக்குக் கணினி மாதிரியொன்றின் வாயிலாக விடை காண்பது அவனுடைய நோக்கமாக இருந்தது. நீரோட்டத்தை இலட்சக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் ஒவ்வொரு கணத்துக்கும் வேகத்தையும் அமுக்கத்தையும் கணித்தல் வேண்டும். அதற்கென அவன் பழைய உதிரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து மேசைக்கணினியொன்றை அமைத்திருந்தான். முழு வேகத்தில் இயங்கினால் ஏறத்தாழ நான்கு நாட்களில் கணிப்பு முடிவுறும் என்பது அவனுடைய மதிப்பீடு.

அந்நான்கு நாட்களே கிடைத்தற்கரியனவாயின. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியிலே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. மின்னிலையங்களுக்கு எரிபொருள் இல்லை. மழையின்மையால் நீர்த்தேக்கங்களின் மட்டமும் தாழ்ந்திருந்தது. பொல்கொல்லையிலே தடுக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தினூடாக வந்து விழும் உக்குவளை மின்னிலையம் மாத்தளையின் வாயிலிலேயே 1976 முதல் இயங்குகின்றது. ஆயினும் மின்வெட்டுக்கு மாத்தளை விலக்கன்று. மார்ச் மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. வீட்டிலுள்ளோர் எந்த வேளையில் மின்சாரம் வரும் என்பதைப் பார்த்தே சமையலையும் தையலையும் படிப்பையும் ஒழுங்கு செய்தனர்.

கிடைத்த சில மணி நேரத்தையும் அவனுடைய கணினி முழுமையாகப் பயன்படுத்தவில்லை. கணிப்புத் தொடங்கி இருபது நிமிடம் ஆவதற்குள் முறைவழியாக்கியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை அண்மிக்கும். அவ்வெல்லையை எட்டியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். விசிறிகள் ஓலமிடும்; வேலை நகராது. ஏப்பிரல் மாதம் நெருங்க நெருங்கக் கூரையின் சூடு ஏறியது. கணிப்பின் வேகமோ இறங்கியது. ஆய்வேட்டைக் கையளிக்கும் நாள் மட்டும் பின்செல்லவில்லை.

கணினியின் வெப்பம் புதிய சிக்கலன்று. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ரெல் 8086 முறைவழியாக்கி ஓரிரு வாற்று மின்வலுவோடு நிறைவுற்றது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட உயர்தர முறைவழியாக்கியொன்று உச்ச வேளையில் 253 வாற்றுவரை கொள்ளத்தக்கது. கைவிரல் நகமளவேயான சிலிக்கன் துண்டொன்றிலே இவ்வளவு வெப்பம் பிறக்கின்றது. எனினும் பெருங்கணினிகளின் உலகிலே நீர் முன்னரே நுழைந்திருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தனது சிஸ்ரம்/360 வரிசையின் 91ஆம் மாதிரியில் நீரின் துணையை நாடியது. 1980இல் அது அறிவித்த 3081 என்னும் பொறியிலே, ஈலியம் நிரப்பிய கூடுகளுக்குள் சிறு உலோகத் தண்டுகள் வில்விசையால் சிலிக்கன் துண்டுகளை அழுத்தி நின்று வெப்பத்தை ஏற்க, அதனைக் குளிர்நீர் கொண்டு சென்றது. 1985ஆம் ஆண்டின் கிரே-2 என்னும் மீக்கணினி, மின்னைக் கடத்தாத புளோரோகாபன் திரவத்திலே முற்றாக அமிழ்த்தி வைக்கப்பட்டது. 1990களிலே மின்வலுக் குறைந்த தொழினுட்பம் வந்தபோது காற்றே போதுமென்றாயிற்று. சில ஆண்டுகளிலேயே வெப்பம் மீண்டும் ஏறியது. நீரும் மீண்டும் வந்தது. இம்முறை அது ஆர்வலர்களின் வீட்டு மேசைகளுக்கும் வந்தது.

நீரைத் தேர்வதற்கான காரணம் எளியது. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.18 கிலோயூல் வெப்பம் வேண்டும். காற்றுக்கு ஏறத்தாழ 1 கிலோயூல் போதும். நீர் காற்றினும் பன்மடங்கு அடர்த்தியுடையதாதலால், ஒரே கனவளவை ஒப்பிடுமிடத்து நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கவல்லது. 200 வாற்று வெப்பத்தை நிமிடத்துக்கு 3 லீற்றர் வீதம் ஓடும் நீர் ஏற்றால், அந்நீரின் வெப்பநிலை ஒரு சுற்றில் ஏறத்தாழ ஒரு பாகையே உயரும். இக்கணக்கை மகன் ஒரு தாளில் எழுதிப் பார்த்தான். இதற்கு வேண்டியவை நான்கே: முறைவழியாக்கியின்மீது அமரும் செப்புக் கட்டை, பம்பி, நீர்ச்சாடி, ரேடியேற்றர். செப்புக் கட்டையொன்றைக் கொழும்பிலிருந்து, ஒருவர் பயன்படுத்திக் கழித்ததாக வாங்கினான். ஏனையவற்றின் விலை அவன் கைக்கு எட்டவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ரூபாவையும் தாண்டியது. இறக்குமதியாகும் பொருள் எதுவும் மாணவனொருவனின் பணப்பைக்கு உரியதாக இருக்கவில்லை.

1990களின் இறுதியிலே மேலைநாட்டு ஆர்வலர்கள் இதற்கெனப் பொருள்கள் விற்கப்படாத நிலையில் மீன்தொட்டிப் பம்பியையும், பழைய கார்களின் ஹீற்றர் கோரையும் கொண்டே தம் கணினிகளைக் குளிர்வித்தனர் என்பதை அவன் படித்திருந்தான். ஹீற்றர் கோர் என்பது குளிர்நாடுகளிலே காருக்குள் இருப்போருக்குச் சூடூட்டும்பொருட்டு வைக்கப்படும் சிறு ரேடியேற்றர். யப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த எத்தனையோ வாகனங்களில் அது உண்டு, பயன்படுத்துவோர் இல்லை. ஒழுக ஆரம்பித்தால் பட்டறைக்காரர் அதனைக் கழற்றி வீசிவிட்டுக் குழாய்களை நேரே இணைத்துவிடுவர். அத்தகையவை தந்தையாரின் பட்டறையின் பின்புறத்தில் ஒரு குவியலாகக் கிடந்தன. பல ஆண்டுகளின் பின்னர் மகன் பட்டறைக்குள் ஒரு தேவையோடு காலடி வைத்தது அன்றுதான்.

அவன் எடுத்தது பளபளக்கும் அலுமினியக் கோரை. தந்தை அதனை வாங்கிப் பார்த்துவிட்டு மீண்டும் குவியலில் இட்டார். அலுமினியம் எடை குறைந்தது, வெப்பத்தை நன்கு கடத்துவது, உட்புறமும் துப்புரவாக உள்ளது என மகன் வாதிட்டான். தந்தை கேட்டது ஒரே வினா.

“மத்த முனையில என்ன இருக்கு, தம்பி? செம்பா?”

“செம்புதாம்பா.”

தந்தை உள்ளே சென்று, அரித்துச் சல்லடையாகிப்போன அலுமினியத் துண்டொன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். செம்பும் அலுமினியமும் ஒரே நீரிலே உறவாடினால் அலுமினியம்தான் சாகும் என்பது அவர் முப்பது ஆண்டுகளில் கண்டறிந்தது. மகனுக்கு அக்கணமே பாடநூல் நினைவுக்கு வந்தது. செப்பின் நியம மின்வாய் அழுத்தம் +0.34 வோல்ற்று, அலுமினியத்துக்கு -1.66 வோல்ற்று. இரண்டையும் ஒரு கரைசலில் இணைத்தால் அஃது ஒரு மின்கலமாகும். அலுமினியம் கரையத் தொடங்கும். இரசாயனவியல் வினாத்தாளிலே இதற்கு முழுப்புள்ளி பெற்றவன் அவன். கையிலிருந்த கோரைப் பார்த்தபோது அந்த விடை அவனுக்குத் தோன்றவில்லை. தந்தைக்கு மின்வாய் அழுத்தம் என்னும் சொல் தெரியாது. அதன் விளைவு கைப்பட்ட அறிவாக இருந்தது.

குவியலின் அடியிலிருந்து 1980களின் வான் ஒன்றுக்குரிய பித்தளைக் கோரொன்று தேடியெடுக்கப்பட்டது. வினாகிரி கலந்த சுடுநீரைப் பலமுறை ஊற்றிக் குலுக்கி அதன் உள்ளழுக்கு வெளியேற்றப்பட்டது. அதன் குழாய்வாய் பெரிது. கணினிக்குரிய குழாய் சிறிது. தந்தை பித்தளைத் துண்டொன்றைக் கடைந்து, பற்றாசு வைத்து, இரண்டையும் பொருத்தினார். வாளி நீரில் அமிழ்த்திக் காற்று ஊதிக் குமிழி வருகிறதா எனச் சோதித்தார். அலங்கார மீன் விற்கும் கடையிலிருந்து பம்பி வந்தது. பிஸ்கட் வைக்கும் கண்ணாடிப் போத்தல் நீர்ச்சாடியாயிற்று. உள்ளே ஊற்றுவதற்குக் குழாய்நீர் ஆகாது. அதிலுள்ள உப்புகள் படியும், அரிப்பும் விரையும். பட்டறையிலே பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் இருந்தது. அரிப்பைத் தடுக்கவும் பாசி படராதிருக்கவும் வாகனத்துக்குரிய குளிர்த்தித் திரவமும் சிறிதளவு சேர்க்கப்பட்டது.

பொருத்தி முடித்ததும் மகன் கணினியை இயக்க முனைந்தான். தந்தை அனுமதிக்கவில்லை. “தண்ணிய நம்பலாம் தம்பி, மூட்ட நம்பக் கூடாது” என்றார். தூய நீர் மின்னை எளிதிற் கடத்தாது என மகன் விளக்கினான். அது மெய்யே, எனினும் உலோகத்தையும் தூசியையும் தொட்டு ஓடும் நீர் நெடுநேரம் தூயதாக இராது. ஆகவே கணினிக்குரிய மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பம்பியை மட்டும் ஒரு நாள் முழுதும் ஓடவிடுவதென முடிவாயிற்று. ஒவ்வொரு மூட்டின் கீழும் பழைய பத்திரிகைத் தாள் விரிக்கப்பட்டது. தாளிலே ஒரு துளி விழுந்தாலும் கறை காட்டும். மின்வெட்டு இடையிட்டமையால் அவ்வொரு நாட்சோதனை மூன்று நாட்களாயிற்று. இரண்டாம் நாட்காலையில் ஒரு மூட்டின் கீழ்த் தாள் ஈரமாகியிருந்தது. மகன் முதலில் நோக்கியது தந்தை பற்றாசு வைத்த இடத்தை. அது உலர்ந்திருந்தது. ஒழுகியது அவன் தானே திருகிய மூட்டு. உள்ளிருக்கும் இறப்பர் வளையம் மடிந்து கிடந்தது. கணினியை அன்றே இயக்கியிருப்பின், ஆய்வும் அதனைத் தாங்கிய பொறியும் அத்துளியோடு முடிந்திருக்கும். தந்தை ஒன்றும் கூறவில்லை. புதிய வளையமொன்றைத் தேடி நீட்டினார்.

தந்தைக்கு ஓர் ஐயம் எஞ்சியிருந்தது: பம்பி நின்றுவிட்டால்? விசிறிப்பட்டி அறுந்த லொறியின் இயந்திரம் சில நிமிடங்களிற் கொதித்து இறுகிவிடுவதை அவர் கண்டிருக்கிறார். கணினியிலே முறைவழியாக்கி தன் வெப்பத்தைத் தானே அளந்து, எல்லை மீறினால் தானே அணைந்துவிடும் என மகன் விளக்கினான். மின்வெட்டு வந்தாலும் பம்பியும் கணினியும் ஒருசேர நின்றுவிடும். மின்சாரம் மீளும்போது பம்பி தானாக ஓடத் தொடங்கும். கணினியோ ஒருவர் இயக்கும்வரை காத்திருக்கும். தந்தை இதனைக் கேட்டு, “அப்ப இது லொறியவிட புத்திசாலி” என்றார். பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி மகனும் தொழிலைப் பற்றித் தந்தையும் ஒருவருக்கொருவர் கூறிக்கொண்ட நீண்ட உரையாடல் அதுவாகவே இருந்திருக்கக்கூடும்.

நான்காம் நாள் கணினி இயங்கியது. முறைவழியாக்கி 72 பாகையில் நிலைத்தது. வேகம் சிறிதும் குறையவில்லை. விசிறியின் ஓலம் நின்று, சாடிக்குள் நீர் சலசலக்கும் ஒலி மட்டும் கேட்டது. அரை மணிக்கொருமுறை கணிப்பின் நிலை சேமிக்கப்பட்டமையால் மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தந்தையும் மகனும் திரையிலே ஓடும் எண்களைப் பார்த்து மகிழ்ந்திருந்தனர்.

அதே அறையின் மறுபுறத்திலே தாயார் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். மாடியறையிலே வெளிச்சம் அதிகமாதலால், மின்வெட்டு வேளையிலும் மிதிகட்டையால் தைக்கலாம். பட்டறையின் வருவாய் குறைந்த நாட்களில் வீட்டை நடத்தியது பெரும்பாலும் அத்தையலே. இரண்டாம் நாள் பிற்பகல் அவர் இயந்திரத்தை நிறுத்தி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அதுக்குக் குளுந்திருச்சு, சரி. அந்தச் சூடு இப்ப எங்க போகுது?”

வினாவுக்கு விடை அவருடைய முதுகுப்புறத்திலேயே இருந்தது. ரேடியேற்றரும் அதன் விசிறிகளும் மேசையின் ஓரத்திலே, தையல் இயந்திரத்தை நோக்கி வைக்கப்பட்டிருந்தன. முன்னர் முறைவழியாக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டபோது அது வெளியிட்ட வெப்பமும் குறைந்தது. இப்பொழுது அது தளராது உழைத்தது. தளராது 200 வாற்று வெப்பத்தையும் ஈன்றது. அவ்வெப்பம் முழுவதும் நீரிலேறி, ரேடியேற்றரில் இறங்கி, காற்றோடு கலந்து, அச்சிறு அறைக்குள்ளேயே சுழன்றது. சிலிக்கன் துண்டு குளிர்ந்தது. அதன் பொருட்டு அறை கொதித்தது. கணக்கு எழுதிய தாளிலே நீர் எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கும் என்பது இருந்தது. அதனை எங்கே இறக்கிவைக்கும் என்பது இருக்கவில்லை.

நீர்க்குளிரூட்டலின் பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டு. நீர் குளிர்விப்பதில்லை, அது சுமக்கின்றது. எவ்வளவு பெரிய ரேடியேற்றரை வைத்தாலும் சுற்றியோடும் நீர் அயற்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே செல்லாது. காற்று 33 பாகையாயின், நீர் அதனிலும் சில பாகை கூடுதலாகவே நிற்கும். ஓரிடத்துத் தண்மை என்பது பிறிதோரிடத்து வெம்மையாகும். இன்று உலகின் பெருந்தரவு நிலையங்கள் பல, தம் வெப்பத்தைக் கோபுரங்களுக்குக் கொண்டுசென்று, நீரை ஆவியாக்கி வானில் விடுகின்றன. அங்கே வெப்பத்தோடு நீரும் செலவாகின்றது. அந்நிலையங்கள் அமையும் ஊர்களிலே அந்நீர் யாருடையது என்னும் வினாவும் எழுகின்றது. சிகிரியாவிலே மன்னனுக்குக் கிடைத்த குளிர்ச்சிக்காக வெயிலில் நின்று அகழி வெட்டியோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. கணினியொன்றைக் குளிர்விக்கும் சிறு முயற்சியையும் இவ்வரிசையில் வைத்து நோக்குதல் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் மாடியறையில் வியர்வை சிந்தியவருக்கு அது மிகையாகத் தோன்றாது.

மகன் வெட்கினான். ஊற்றின் உயரத்தை அரை அங்குலம் பிசகாது கணிக்க முனைந்தவனுக்கு, எட்டடி தொலைவிலிருந்த தாய் கணக்கில் வரவில்லை. தந்தையும் வெட்கினார் என்றே கொள்ள வேண்டும். ஏனெனில் ரேடியேற்றரை வண்டியின் முகப்பிலே, வெளிக்காற்று படும் இடத்தில் வைப்பர் என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மாலையே இருவரும் சேர்ந்து ரேடியேற்றரைச் சன்னலுக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத கூரைத் தாழ்வாரத்தின் கீழ், இரும்புச் சட்டமொன்றில் பொருத்தினர். குழாய் நீண்டமையால் நீரோட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லீற்றராகக் குறைந்தது. அதனால் நீர் ஒரு சுற்றில் ஒன்றரைப் பாகை உயர்ந்தது, அது பொருட்படுத்தத்தக்கதன்று. இரவிலே வெளிக்காற்று குளிர, நீரும் அதனைத் தொடர்ந்து குளிர்ந்தது. முறைவழியாக்கியின் வெப்பநிலை முன்னையிலும் தாழ்ந்தது. தாயார் கேட்ட வினா அறையை மட்டுமன்றிப் பொறியையும் திருத்திற்று.

மின்வெட்டுகளுக்கிடையே கணிப்பு முடிவதற்குப் பதினொரு நாட்கள் சென்றன. ஆய்வேடு குறித்த நாளிற் கையளிக்கப்பட்டது. அதன் முடிவு வியப்புக்குரியதன்று: உயர வேறுபாட்டினாற் கிடைக்கும் அமுக்கத்தில் ஒரு பகுதியைக் கால்வழியின் உராய்வு விழுங்கும், எஞ்சியதே ஊற்றாக எழும், வரும் நீர் குறையக் குறைய ஊற்றும் தாழும். நேர்முகப் பரீட்சையிலே கணினியின் அமைப்பைப் பற்றி வினவப்பட்டபோது, ரேடியேற்றரை யார் அமைத்தது என்ற வினாவும் எழுந்தது. தன் தந்தை ரேடியேற்றர் திருத்துபவர் என மகன் விடையளித்தான். அவ்விடையை அவன் அதற்கு முன்னர் அவ்வாறு முழுமையாகக் கூறியதில்லை.

மகன் பின்னர் வேலை கிடைத்துக் கொழும்புக்குச் சென்றான். கணினி மாடியறையிலேயே இருக்கின்றது. விடுமுறையில் வரும்போது அதனை இயக்குவான். பிஸ்கட் போத்தலின் மூடியிலே குழாய்க்கென இட்ட துளைகளால் நீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறைகின்றது. போத்தலின் வெளிப்புறத்திலே தந்தை ஆணியாற் கீறிய மட்டக்கோடு ஒன்று உண்டு. நீர் அக்கோட்டுக்குக் கீழே இறங்கும்போது பற்றரித் தண்ணீர் ஊற்றி நிரப்புபவர் தாயார். தைத்து முடித்து விளக்கை அணைக்குமுன் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டே அவர் கீழே இறங்குகின்றார்.